மாத்தளையில் தொடங்கிய சாரணியம்

இலங்கையில் சாரணர் இயக்கம் 1912ஆம் ஆண்டு மாத்தளை கிறைஸ்ட் சேர்ச் கல்லூரியில் தொடங்கியது. அங்கு முதல் குழுவை அமைத்தவர் பிரான்சிஸ் ஜோர்ஜ் ஸ்டீவன்ஸ். புதிய விடயம் எதுவும் முதலில் கொழும்புத் துறைமுகத்தில் இறங்கி, பிறகுதான் உள்ளூர்களுக்குப் போகும் என்பது அந்தக் காலத்து நடைமுறை. சாரணியம் மட்டும் ஒரு மலையடிவார ஊரில் வேர்பிடித்தது. அதற்கு அந்த ஊரின் அமைப்பும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம். 1880இலேயே கண்டியிலிருந்து மாத்தளைக்கு ரயில் பாதை போடப்பட்டுவிட்டது. தேயிலை, இறப்பர், கொக்கோ தோட்டங்களும், அவற்றை நம்பிய கடைவீதியும், அரசாங்கக் கந்தோர்களும், ஆங்கிலிக்கன் தேவாலயமும் அதன் நிழலில் ஆங்கிலப் பாடசாலையும் அங்கே இருந்தன. நகரத்தை விட்டுச் சிறிது தூரம் நடந்தால் காடும் ஆறும் மலையும் வந்துவிடும். பையன்களைக் கூட்டிச் சென்று பாசறை போட இதைவிட வசதியான இடம் கொழும்பில் கிடைக்காது.

இயக்கத்தின் மூலக்கதை தென்னாபிரிக்காவில் ஆரம்பிக்கிறது. 1899-1900இல் மாஃபெகிங் நகரம் 217 நாட்கள் முற்றுகையில் கிடந்தபோது, அங்கிருந்த பையன்கள் செய்தி கொண்டுபோகவும் காவல் பார்க்கவும் பயன்பட்டார்கள். முற்றுகையைத் தாங்கி நின்ற படைத்தலைவர் பேடன் பவல் இதை மனதில் வைத்திருந்தார். 1907 ஆகஸ்டில் இங்கிலாந்தின் பிரவுன்சி தீவில் சுமார் 20 சிறுவர்களைக் கொண்டு ஒரு சோதனைப் பாசறை நடத்தினார். பணக்காரர் பிள்ளைகள் படிக்கும் தனியார் பாடசாலைப் பையன்களையும் தொழிலாளர் வீட்டுப் பையன்களையும் ஒரே கூடாரத்தில் சேர்த்ததுதான் அந்தச் சோதனையின் புதுமை. அடுத்த ஆண்டு அவருடைய கைந்நூல் வெளிவந்தது. அதை வாங்கிப் படித்த சிறுவர்கள் எவருடைய அனுமதிக்கும் காத்திராமல் தாங்களாகவே குழுக்களை அமைக்கத் தொடங்கினார்கள். மாத்தளைக்கு அது வந்து சேர நான்கே ஆண்டுகள் பிடித்தன.

சாரணியத்தின் உயிர் அதன் அணி முறையில் இருக்கிறது. ஆறு முதல் எட்டுப் பையன்கள் சேர்ந்தால் ஓர் அணி. அவர்களில் ஒருவன் அணித்தலைவன். நான்கைந்து அணிகள் சேர்ந்தால் ஒரு குழு. சாரண ஆசிரியர் அணித்தலைவர்களோடு மட்டும் பேசித் திட்டம் போடுவார். மீதியை அவர்கள் பார்த்துக்கொள்ள வேண்டும். பாசறைக்குப் போனால் யார் விறகு பொறுக்குவது, யார் சோறு வடிப்பது, யார் இரவில் விழித்திருப்பது என்பதையெல்லாம் பதினான்கு வயதுப் பையன்தான் தீர்மானிக்கிறான். சோறு குழைந்தால் அந்த அணி குழைந்த சோற்றையே சாப்பிடும். வகுப்பறையில் ஆசிரியர் திருத்திக் கொடுப்பதுபோல இங்கே யாரும் திருத்த வரமாட்டார்கள். முடிச்சுப் போடுதல், திசை அறிதல், முதலுதவி, வரைபடம் வாசித்தல் போன்ற பயிற்சிகளைப் பலர் வெறும் விளையாட்டென்று நினைக்கிறார்கள். ஆனால் எலும்பு முறிந்த ஒருவனைத் தூக்கிவர இரண்டு மூங்கிலையும் ஒரு சாரத்தையும் வைத்துத் தூக்குப்படுக்கை செய்யத் தெரிந்த பையன், ஊரில் மண்சரிவு வந்தால் வேடிக்கை பார்த்துக்கொண்டு நிற்க மாட்டான். மலைச்சரிவுகளில் வீடுகள் தொங்கிக்கொண்டிருக்கும் மாத்தளை மாவட்டத்தில் இது சிறிய விடயமல்ல.

நாளுக்கு ஒரு நற்செயல் என்பது சாரணனின் விதி. இதைக் கேலி செய்யாதவர்கள் குறைவு. வேண்டாம் வேண்டாம் என்ற கிழவியைக் கைபிடித்து வீதி கடத்திவிட்ட சாரணனின் கதை எல்லா நாட்டிலும் இருக்கிறது. ஆனாலும் அந்த விதியில் ஒரு கூர்மை உண்டு. சேவை என்பது வருடத்துக்கு ஒருமுறை பதாகை பிடித்துப் படம் எடுத்துக்கொள்ளும் நிகழ்ச்சியாக இல்லாமல், பல் துலக்குவதுபோல ஒரு பழக்கமாக வேண்டும் என்பதே அதன் உள்ளே இருக்கும் எண்ணம்.

சாரணியம் நுழைந்த காலத்தில் இலங்கையின் மிஷன் ஆண்கள் பாடசாலைகள் இங்கிலாந்தின் தனியார் பாடசாலைகளைப் பார்த்தே தங்கள் வாழ்க்கையை அமைத்துக்கொண்டிருந்தன. மாணவர்களை இல்லங்களாகப் பிரித்தார்கள். மூத்தவர்களை மாணவத் தலைவர்களாக்கினார்கள். கிரிக்கெட்டும் விடுதியும் காலைச் செபமும் நாளை நிரப்பின. 1881இல் கொழும்பு றோயல் கல்லூரியில் தொடங்கிய கடேற் படையும் இருந்தது. இவை எல்லாம் பாடசாலை மதிலுக்கு உள்ளே நடந்தவை. மதிலுக்கு வெளியே பார்க்கப் பழக்கியவர்களில் முக்கியமானவர், மாத்தளைக்கு அண்மையிலுள்ள கண்டி திரித்துவக் கல்லூரியில் 1904 முதல் 1924 வரை அதிபராக இருந்த ஏ. ஜி. ஃபிரேசர். சிங்களமும் தமிழும் கற்காமல் சொந்த ஊர் மக்களுக்கு ஒருவன் எப்படிப் பயன்படுவான் என்று கேட்டுத் தாய்மொழிகளைப் பாடத்திட்டத்தில் சேர்த்தவர் அவர். மாணவர்களைச் சமூக சேவையில் இறக்கியதும் அவர் காலத்தில்தான். இலத்தீனில் தேர்ச்சி பெற்று, வீட்டு வேலைக்காரரோடு மட்டும் தாய்மொழி பேசிய ஒரு தலைமுறைக்கு இது கசப்பான மருந்தாக இருந்திருக்கும். திரித்துவக் கல்லூரி இன்றும் கட்டணம் அறவிடும் தனியார் ஆண்கள் பாடசாலையாகவே இயங்குகிறது.

இந்தக் கதையில் மறைக்கக்கூடாத ஒரு பக்கம் உண்டு. 1912இல் ஆங்கிலப் பாடசாலைக்குப் போகக் கட்டணம் கட்ட வேண்டியிருந்தது. மன்னாரிலிருந்து தம்புள்ளை வழியாகக் காட்டுப்பாதையில் நடந்து வந்த தமிழ்த் தோட்டத் தொழிலாளருக்கு மாத்தளைதான் மலைநாட்டின் வாசலாக இருந்தது. வழியில் காய்ச்சலுக்கும் வாந்திபேதிக்கும் பலியானவர்கள் ஏராளம். 2023இல் மலையக மக்களின் 200 ஆண்டு வரலாற்றை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடைபயணம் போனது அந்தப் பாதையை நினைத்துத்தான். அப்படி வந்தவர்களின் பிள்ளைகள், கிறைஸ்ட் சேர்ச் கல்லூரிப் பையன்கள் முடிச்சுப் போடப் பழகிய காலத்தில், கொழுந்துக் கூடைக்கும் பிள்ளைக்காம்பராவுக்கும் இடையில் வளர்ந்தார்கள். தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கல்வி வசதி செய்து கொடுக்கும் பொறுப்பைத் தோட்ட நிர்வாகத்தின்மேல் உறுதியாகச் சுமத்திய சட்டம் 1920இல்தான் வந்தது. அதன் பிறகும் பல தோட்டங்களில் பாடசாலை என்பது ஓர் ஆசிரியரும் ஒரு கூரையும் மட்டுமே. சேவை செய்யப் பழகியவர்களும் சேவை தேவைப்பட்டவர்களும் ஒரே மாவட்டத்தில் சில கட்டை தூரத்தில் வாழ்ந்தும் ஒருவரையொருவர் அறியவில்லை.

இந்தியாவில் இதைவிட வெளிப்படையான பாகுபாடு இருந்தது. 1909இல் அங்கே தொடங்கிய சாரணர் குழுக்கள் ஐரோப்பியருக்கும் ஆங்கிலோ இந்தியருக்கும் மட்டுமே உரியவை. இந்தியச் சிறுவர்களைச் சேர்க்காததால் அன்னி பெசன்ட் அம்மையார் 1917இல் மதராசில் இந்தியச் சிறுவர்களுக்கென்று தனிச் சாரணர் சங்கம் அமைத்தார்.

இலங்கையில் கதவைத் திறந்தது சாரணியமல்ல, கல்விச் சட்டங்கள். சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் முயற்சியால் 1945இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. 1960, 1961ஆம் ஆண்டுச் சட்டங்களின் மூலம் உதவி பெறும் மிஷன் பாடசாலைகளில் பெரும்பாலானவற்றை அரசாங்கம் பொறுப்பேற்றது. ஒரு சில பாடசாலைகள் மட்டும் அரச உதவியை விட்டுவிட்டுச் சுயாதீனமாக நின்றன. பொறுப்பேற்கப்பட்ட பாடசாலைகளில் பல மதப் பெயரையும் இல்லங்களையும் மாணவத் தலைவர் முறையையும் சாரணர் குழுவையும் அப்படியே வைத்துக்கொண்டன. கட்டணம் மட்டும் போனது. ஒருகாலத்தில் வசதியானவர் பிள்ளைகளுக்கு உரியதாக இருந்த பாடசாலை வாழ்க்கை, கடைக்காரர் மகனுக்கும் பஸ் நடத்துநர் மகனுக்கும் கிடைத்தது இப்படித்தான். பொறுப்பேற்பை இன்றும் குறைகூறுபவர்கள் உண்டு; இந்த ஒரு பலனை அவர்களும் மறுக்க முடியாது.

பாடசாலைச் சேவைக்கு இன்னொரு ஊற்றும் இருக்கிறது. 1958இல் கொழும்பு நாலந்தாக் கல்லூரி ஆசிரியர் ஏ. டி. ஆரியரத்ன தம் மாணவர்களைக் குருநாகல் பக்கத்துக் கனத்தொலுவ என்ற கிராமத்துக்கு அழைத்துச் சென்றார். சாதியின் பெயரால் ஒதுக்கிவைக்கப்பட்ட மக்களின் ஊர் அது. மாணவர்கள் அங்கேயே தங்கி, ஊராரோடு சேர்ந்து மண்வெட்டி பிடித்தார்கள். அந்தச் சிரமதான முகாமே சர்வோதய இயக்கமாக வளர்ந்தது. கொடுப்பவர், வாங்குபவர் என்ற பிரிவு அங்கே இல்லை. ஊராரும் வேலை செய்தார்கள். சாரணியத்தில் ஒழுங்கும் பயிற்சியும் அதிகம், சிரமதானத்தில் கூட்டுழைப்பு அதிகம். இன்றைய பாடசாலைகள் இரண்டையும் கலந்தே செய்கின்றன.

சாரணர்களின் வேலை வாரம் பலருக்கும் தெரிந்தது. சீருடையும் கழுத்துப்பட்டியும் அணிந்த பையன்கள் வீடு வீடாகவும் கடை கடையாகவும் போய், முற்றம் கூட்டுவது, வண்டி கழுவுவது, புல் வெட்டுவது என்று ஏதாவது செய்து கூலி வாங்கிச் சங்க நிதிக்குச் சேர்ப்பார்கள். சிலர் வேலை கொடுக்காமல் காசை மட்டும் நீட்டுகிறார்கள். பையனுக்கு அது சுலபம். ஆனால் வாரத்தின் நோக்கமே அங்கே போய்விடுகிறது. இதைத் தவிர, டெங்கு பரவும் காலத்தில் தண்ணீர் தேங்கும் இடங்களைத் தேடி அழிப்பது, சுது கங்கைக் கரையில் பிளாஸ்டிக் பொறுக்குவது, நக்கிள்ஸ் மலைத்தொடரில் போவோர் விட்டுச்செல்லும் குப்பையைக் கீழே கொண்டுவருவது போன்றவை இந்த மாவட்டத்துக்குப் பொருத்தமான வேலைகள். மத்திய மலைநாட்டின் பகுதியாக நக்கிள்ஸ் 2010இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்த பிறகு அங்கே கூட்டமும் கூடிவிட்டது. மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலின் மாசிமக விழாவில் ஐந்து தேர்கள் வீதிவலம் வரும் நாள் போன்ற திருநாட்களில் தண்ணீர் கொடுக்கவும், தொலைந்த பிள்ளைகளைத் தாயிடம் சேர்க்கவும், மயங்கி விழுந்தவரை நிழலுக்குத் தூக்கவும் பயிற்சி பெற்ற கைகள் எத்தனை இருந்தாலும் போதாது.

இந்தச் சேவைக்கு இன்று பெரிய எதிரி பரீட்சை. ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில், சாதாரண தரம், உயர் தரம் என்று மூன்று மலைகளை ஏறும் பையனுக்குப் பின்னேரமும் சனி ஞாயிறும் ரியூசனுக்கே போதவில்லை. சாதாரண தர வகுப்பை எட்டியதும் பிள்ளையைக் குழுவிலிருந்து நிறுத்தும் பெற்றோர் ஏராளம். அணியை நடத்தும் அனுபவம் பழுக்கின்ற வயது அதுதான். இன்னொரு பக்கம், விடுகைப் பத்திரத்தில் ஒரு வரி சேரும் என்பதற்காக மட்டும் சின்னங்களைச் சேர்ப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களைக் குறைசொல்லவும் முடியாது. வேலைக்கு விண்ணப்பிக்கும்போது அந்த வரியைத்தான் கேட்கிறார்கள். ஆனால் உயர்ந்த படியான ஜனாதிபதி சாரணர் விருதை அப்படிச் சேர்க்க முடியாது. அதற்குப் பல ஆண்டுகள் தொடர்ந்து உழைக்க வேண்டும். இடையில் நின்றுவிடுபவர்களே அதிகம்.

பெண்களுக்கான இயக்கமும் மலைநாட்டில்தான் வேரூன்றியது. 1917இல் கண்டியில் முதல் வழிகாட்டிக் குழு உருவானது. இலங்கைச் சாரணர் இயக்கம் நெடுங்காலம் பிரித்தானியச் சங்கத்தின் கிளையாக இருந்து, 1953இல் உலக அமைப்பில் தனி உறுப்பானது. தமிழ்மொழிப் பாடசாலைகளிலும் குழுக்கள் வந்துவிட்டன. தோட்டப் பகுதிப் பாடசாலைகளில் நிலைமை கடினம். சீருடை, சப்பாத்து, பாசறைக் கட்டணம், நகரத்துக்கு பஸ் செலவு என்று எண்ணிப் பார்க்கும் தாய் முதலில் கைவிடுவது இதைத்தான். அதைவிடப் பெரிய தடை ஆசிரியர். பயிற்சி பெற்ற ஒரு சாரண ஆசிரியருக்கு இடமாற்றம் வந்து, அவருக்குப் பதில் வருபவர் பயிற்சி பெறாதவரானால், ஐந்தாறு ஆண்டுகள் நன்றாக நடந்த குழுவும் இரண்டு தவணைக்குள் கலைந்துவிடும்.