இலக்கம் வரும்வரை பைக் எங்கே நிற்க வேண்டும்?

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரி 1ஆம் திகதிதான் மீண்டும் திறந்தது. இடையில் போன ஐந்து வருடங்களில் பழைய பைக்குகளின் விலை ஏறிய ஏற்றம் எல்லோருக்கும் தெரியும். திருகோணமலை போன்ற மாவட்டத்தில் அந்த வறட்சி இன்னும் கடுமையாகத் தாக்கியது. சீனன்குடாவில் மாவு ஆலையிலும் சீமெந்துத் தொழிற்சாலைப் பக்கமும் இரவு முறை வேலை முடித்து வருகிறவருக்குப் பஸ் இல்லை. மூதூரிலிருந்தோ கிண்ணியாவிலிருந்தோ பட்டினத்துக்கு நாளாந்தம் வந்துபோகிறவருக்கும் நிலாவெளி விடுதிகளில் வேலை செய்கிறவருக்கும் பைக் ஓர் ஆடம்பரப் பொருள் அல்ல. ஆகவே ஷோரூமில் புது வண்டி வந்து நின்றதும், பணம் கட்டியவர் ஒரு நாள்கூடப் பொறுக்காமல் சாவியைக் கேட்பதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. போதாக்குறைக்கு அதே ஆண்டில் இலக்கத்தகடு அச்சிட்டு வழங்குவதிலும் பெரும் தாமதம் ஏற்பட்டது. விளைவாக, தகடில்லாத புது வண்டிகள் வீதியில் சாதாரணக் காட்சியாகிவிட்டன. இந்தச் சாதாரணத்துக்குள் ஒரு பெரிய குழப்பம் ஒளிந்திருக்கிறது. பதிவு முடிந்து, இலக்கம் ஒதுக்கப்பட்டு, தகடு மட்டும் வராத வண்டி ஒரு வகை. பதிவே நடக்காத வண்டி இன்னொரு வகை. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். ஆனால் முதலாவது ஓர் அலுவலகச் சங்கடம் மட்டுமே. இரண்டாவது, ஷோரூம் வாசலைத் தாண்டவே கூடாத வண்டி. பொலிஸ் தண்டத்துக்குப் பயந்து இதைச் சொல்லவில்லை. தண்டம் இதில் மிகச் சிறிய செலவு.

எந்தத் தாள் எதற்கு என்பதைச் சற்றுத் தெளிவாக்கிக்கொள்ளலாம். 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம்தான், பலமுறை திருத்தப்பட்டு, இன்றும் நம் வீதிகளை ஆள்கிறது. பதிவில்லாத வாகனத்தை வீதியில் பயன்படுத்துவதை அது தடைசெய்கிறது. வண்டி வாங்கும்போது கையில் கிடைக்கும் விற்பனைப் பற்றுச்சீட்டு, பணம் கொடுத்ததற்கான அத்தாட்சி மட்டும்தான். அதன்பிறகு இறக்குமதி ஆவணங்களோடு விண்ணப்பம் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்குப் போகிறது. பெரும்பாலும் விற்பனை முகவரே அதைச் செய்கிறார். திணைக்களம் செசி இலக்கத்தையும் என்ஜின் இலக்கத்தையும் உரிமையாளரின் பெயரோடு பதிந்து ஒரு பதிவிலக்கம் ஒதுக்குகிறது. நாம் ‘சீஆர்’ என்று சொல்லும் பதிவுச் சான்றிதழ் அந்தப் பதிவின் தாள் வடிவம். தகடு அதே இலக்கத்தின் உலோக வடிவம். காப்புறுதி அந்த இலக்கத்தோடு பொருந்த வேண்டும். காப்புறுதி இருந்தால்தான் பிரதேச செயலகத்தில் வருமான அனுமதிப்பத்திரம், அதாவது ‘லைசென்ஸ்’, எடுக்கலாம். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய இந்த வரிசையில் அடித்தட்டு பதிவு. அது இல்லாமல் மேலே எதை வைத்தாலும் நிற்காது. ‘கராஜ் நம்பர்’ என்று ஒன்று இருக்கிறதே என்பார்கள் சிலர். அது விற்பனையாளர் தன் தொழிலுக்காக, விற்காத வண்டியை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோகவும் ஓட்டிப் பார்க்கவும் பெறும் அனுமதி. வாங்கியவர் அதை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போய்வர அது உதவாது.

இனிக் காப்புறுதிக்கு வருவோம். பதிவு நடக்குமுன்பே செசி இலக்கத்தை வைத்து ஒரு கவர் நோட் எடுத்துக்கொடுத்து, “இன்சூரன்ஸ் இருக்கு, பயமில்லாமல் ஓடுங்கோ” என்று விற்பனையாளர் சொல்வதுண்டு. கவர் நோட் உண்மையானதாகவே இருக்கலாம், கட்டணமும் கட்டியிருக்கலாம். இருந்தும் நஷ்டம் வந்த நாளில் அது என்ன ஆகும் என்பதற்கு, பக்கத்து நாட்டின் இரண்டு தீர்ப்புகள் துலக்கமான சான்று. இந்தியாவில் புது வாகனத்துக்குத் தற்காலிகப் பதிவு என்று ஓர் ஏற்பாடு உண்டு. குறித்த காலத்துக்குள் நிரந்தரப் பதிவு செய்துவிட வேண்டும். ஒருவருடைய வாகனத்தின் தற்காலிகப் பதிவு 2006 ஜனவரி 11ஆம் திகதி முடிந்தது. பெப்ரவரி 2ஆம் திகதி விபத்து. காப்புறுதி அப்போது செல்லுபடியாகத்தான் இருந்தது. நிறுவனம் பணம் தர மறுத்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2014இல் நிறுவனத்தின் பக்கமே தீர்ப்பானது. பதிவில்லாத வாகனத்தை வீதியில் ஓட்டுவது ஒரு குற்றம் மட்டுமல்ல, காப்புறுதி ஒப்பந்தத்தின் அடிப்படையையே மீறுவது என்றது நீதிமன்றம். இரண்டாவது வழக்கு இன்னும் கூர்மையானது. அதில் விபத்தே இல்லை. தற்காலிகப் பதிவு 2011 ஜூலை 19இல் முடிந்த ஒரு கார், ஜூலை 28இல் ஜோத்பூரில் விடுதி வாசலில் நிறுத்தியிருந்தபோது திருட்டுப்போனது. நின்ற வண்டி களவு போனதற்கும் பதிவுக்கும் என்ன தொடர்பு என்று யாருக்கும் கேட்கத் தோன்றும். நுகர்வோர் ஆணைக்குழுக்களும் உரிமையாளருக்குச் சாதகமாகவே நினைத்தன. ஆனால் உச்ச நீதிமன்றம் 2021 செப்டெம்பரில் அதை மாற்றியது. அந்தக் கார் ஜோத்பூருக்குப் பறந்து போகவில்லை, பதிவில்லாமல் வீதியில் ஓடித்தான் போனது என்பதே அதன் வாதத்தின் சாரம்.

இந்தியத் தீர்ப்பு இலங்கை நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது என்பது சரி. ஆனால் காப்புறுதி நிறுவனத்தின் சட்டத்தரணிக்கு வழி காட்ட அது தாராளமாகப் போதும். அங்கே ஒரு காலம் சட்டப்படி ஓடி, சில நாட்கள் தவறவிட்டவருக்கே இந்தக் கதி என்றால், இங்கே முதல் நாளிலிருந்தே பதிவில்லாமல் ஏறியவர் எந்த முகத்தோடு வாதாடுவார்? நம் காப்புறுதிப் பத்திரங்களிலும், வாகனம் சட்டத்துக்கு அமைவாகப் பயன்படுத்தப்பட வேண்டும் என்ற பொருளில் நிபந்தனைகள் இருப்பது வழமை. கையெழுத்துப் போடுமுன் அந்தச் சிறிய எழுத்தைப் படிக்கிறவர் குறைவு. புது பைக் பெரும்பாலும் லீசிங்கில் எடுக்கப்படுவது இதை இன்னும் மோசமாக்குகிறது. வண்டி நொறுங்கிப் போனாலும், திருட்டுப்போனாலும், காப்புறுதி மறுக்கப்பட்டாலும் மாதத் தவணை நிற்காது. இல்லாத பைக்குக்கு மூன்று நான்கு வருடம் கட்ட வேண்டியதுதான்.

அது ஓட்டுபவரின் சொந்த நஷ்டம். அடிபட்டவரின் கதை வேறு. மூன்றாம் தரப்புக் காப்புறுதியைச் சட்டம் கட்டாயமாக்கியதே அவருக்காகத்தான். ஏ15 வீதியில் 2009இல் திறந்த கிண்ணியாப் பாலமும் அதற்கப்பால் மூதூர்ப் பக்கம் வள்ளத்துக்குப் பதிலாக எழுந்த பாலங்களும், படகுத்துறையில் காத்திருந்த காலத்தை அழித்துவிட்டன. அதோடு வேகத்தையும் கூட்டிவிட்டன. தம்பலகாமத்துக்கும் கந்தளாய்க்கும் போகும் வீதியில் இருட்டியபின் மாடும் குறுக்கே வரும், சைக்கிளில் வயலிலிருந்து திரும்புகிறவரும் வருவார். இலக்கமில்லாத வண்டி ஒருவரைத் தட்டிவிட்டுப் போனால், பார்த்தவர் பொலிஸில் சொல்ல ‘கறுப்பு நிறப் புது பைக்’ என்பதைத் தவிர என்ன இருக்கிறது? ஓட்டியவர் நின்று உதவுகிற நல்ல மனிதராகவே இருக்கட்டும். காப்புறுதி நிறுவனம் பொறுப்பை மறுத்தாலோ, பணம் கொடுத்துவிட்டு அதை அவரிடமே அறவிட முனைந்தாலோ, வைத்தியசாலைக்கும் வீட்டுக்குமாக அலையும் அந்தக் குடும்பமும் ஓட்டியவரின் குடும்பமும் ஒரே குழியில் விழுகின்றன. இன்னொன்றையும் இந்த ஊரில் சொல்லாமல் போக முடியாது. இலக்கத்தகடில்லாத வெள்ளை வான் என்ற சொற்கள் வடக்குக் கிழக்கில் என்ன பொருள் தந்தன என்பதை ஒரு தலைமுறை மறக்கவில்லை. அடையாளமற்ற வாகனம் வாசலில் நின்றால் இன்றும் சில வீடுகளில் கதவு சாத்தப்படுகிறது. வண்டிக்கு இலக்கம் கேட்பது அரசுக்காக மட்டுமான ஏற்பாடு என்று நினைப்பவர்கள் இதை யோசிக்கலாம். யார் வந்தது என்று கேட்கும் உரிமை நமக்கும் வேண்டியிருந்தது, கிடைக்காமல் போயிற்று.

மறுபக்க வாதங்களில் பலமானது இது: தாமதம் வாங்கியவரின் பிழையல்ல. பணம் முழுதாகக் கொடுத்தாயிற்று, விண்ணப்பம் போயிற்று, திணைக்களம் தகடு அச்சிடவில்லை. அதற்கு ஏழை ஏன் நடக்க வேண்டும்? தகடு விஷயத்தில் இந்த வாதம் சரியானது. அதைத் திணைக்களமே ஏற்றுக்கொண்டது. பதிவு முடிந்த வாகனங்கள், தகடு வரும்வரை, ஒதுக்கப்பட்ட இலக்கத்தைத் தற்காலிகமாகப் பொறித்துக்கொண்டு ஓட இடம் கொடுக்கப்பட்டது. ஆனால் இந்தச் சலுகையின் வேர் பதிவில் இருக்கிறது. இலக்கமே ஒதுக்கப்படாத வண்டிக்கு அதை நீட்டுவது, பக்கத்து வீட்டுக்காரருக்கு வந்த கடிதத்தைக் காட்டி நமக்குச் சம்பளம் கேட்பது போல. தாமதம் நம் பிழையல்ல என்பதற்காக அதன் ஆபத்தை வீதியில் போகிறவர் தலையில் கட்டிவிட முடியாது. விற்றவரிடமும் திணைக்களத்திடமும்தான் அதைக் கேட்க வேண்டும்.

‘எல்லோரும் ஓடுகிறார்கள், பொலிஸும் விடுகிறது’ என்பது அடுத்தது. விடுவது உண்மைதான், ஒரு காலம் வரை. ஒரு சுற்றிவளைப்பு உத்தரவு வந்தாலோ, எங்காவது பைக்கில் வந்து சுட்டுவிட்டுப் போன சம்பவம் நடந்தாலோ, அன்றைக்கு நிற்பாட்டப்படுவது முதலில் இலக்கமில்லாத வண்டிதான். வண்டி பொலிஸ் நிலையத்துக்குப் போய், விஷயம் நீதவான் நீதிமன்றத்துக்கு வந்தால், அதை விடுவித்துக்கொள்ள உரிமையைக் காட்ட வேண்டும். காட்டவேண்டிய தாள்தானே கையில் இல்லை. காப்புறுதியில்லாமல் ஓட்டுவதை 2016 இறுதியில் குறைந்தது 25,000 ரூபா தண்டம் விதிக்கவேண்டிய குற்றங்களின் பட்டியலில் அரசு சேர்க்க முனைந்தபோது, தனியார் பஸ்காரர்கள் நாடளாவிய வேலைநிறுத்தம் செய்தார்கள். அந்தக் குற்றத்தை அரசு எவ்வளவு கனமாகப் பார்த்தது என்பதற்கு அந்தப் பட்டியலே அடையாளம். ‘உவர்மலையிலிருந்து சந்தைக்குத்தானே, கிட்டத்தானே’ என்பதற்குத் தனியாகப் பதில் தேவையில்லை. விபத்து தூரம் பார்த்து வருவதில்லை.

ஆக, காத்திருக்க வேண்டியது வண்டி. அது காத்திருக்க வேண்டிய இடம் விற்பனையாளரின் கூரையின் கீழ். அங்கே நிற்கும்வரை களவு, சேதம், தாமதம் எல்லாம் அவர் தலைவலி. பதிவை விரைவுபடுத்த அவருக்கும் ஒரு காரணம் இருக்கும். சாவியை வாங்கிக்கொண்டு வந்த மறுநாளிலிருந்து, நம் கோப்பு அவர் மேசையில் அடியில் போய்விடும். ஆகவே பேரம் பேச வேண்டிய நேரம் பணம் கட்டுமுன். பதிவிலக்கம் ஒதுக்கப்பட்டபின்தான் வண்டியைப் பொறுப்பேற்பேன், இன்ன திகதிக்குள் அது நடக்காவிட்டால் முற்பணம் திருப்பித்தர வேண்டும் என்று பற்றுச்சீட்டிலேயே எழுதிக் கையொப்பம் வாங்கலாம். கடைசிப் பங்குப் பணத்தை இலக்கம் வந்தபின் தருவதாக ஒப்புக்கொள்ளச் செய்வது இன்னும் நல்லது. லீசிங் என்றால், முதல் தவணை எந்த நாளில் தொடங்கும் என்பதைக் கம்பனியிடம் எழுத்தில் கேட்க வேண்டும். வண்டி கையில் வரும் நாளோடு அதைப் பொருத்தச் சொல்லிக் கேட்பதில் வெட்கமில்லை. இலக்கம் வந்துவிட்டது என்று தொலைபேசியில் சொன்னால் அதை அப்படியே நம்ப வேண்டாம். திணைக்களத்தின் இணையத்தளத்தில் அந்த இலக்கத்தை இட்டுப் பார்த்தால் வாகனத்தின் விவரம் வரும். என்ஜின் இலக்கம் உங்கள் வண்டியினுடையதா, முழு உரிமையாளர் என்ற இடத்தில் உங்கள் லீசிங் கம்பனிதான் இருக்கிறதா என்று பார்த்தபின், காப்புறுதியிலும் அதே இலக்கத்தைப் பதியச் சொல்லுங்கள். தகடு வரவில்லையென்றால், இலக்கம் ஒதுக்கப்பட்டதற்கான எழுத்தாவணத்தின் பிரதியை எப்போதும் பையில் வைத்திருங்கள். வீதிச் சோதனையில் நம்மைக் காப்பாற்றுவது வாய்ச்சொல் அல்ல.

சொன்ன திகதி தாண்டியும் விற்பனையாளர் இழுத்தடித்தால், முதலில் அவருக்குப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம். அடுத்தது நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை. 1977 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம், ஆனால் எழுத்தில் முறையிடுவதுதான் கோப்பாக நிற்கும். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழான முறைப்பாட்டுக்கு விற்பனையிலிருந்து மூன்று மாதம் என்ற கெடு இருப்பதால், ‘இந்தக் கிழமை வரும், அடுத்த கிழமை வரும்’ என்ற பதிலை நம்பி நாட்களைக் கழிப்பது ஆபத்து. காப்புறுதி மறுக்கப்பட்டவர், மறுப்புக்கான காரணத்தை எழுத்தில் பெற்றுக்கொண்டு காப்புறுதிக் குறைகேள் அதிகாரியிடம் போகலாம். தாமதம் திணைக்களத்தில்தான் என்று விற்பனையாளர் கைகாட்டினால், அது உண்மையா என்று அறியவும் வழி இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், இன்ன செசி இலக்கத்துக்கான விண்ணப்பம் எந்தத் திகதியில் கிடைத்தது, இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்று திணைக்களத்தின் தகவல் அலுவலரிடம் கேட்கலாம். வழங்குவதா இல்லையா என்ற முடிவை அவர் 14 வேலை நாட்களுக்குள் சொல்ல வேண்டும். விண்ணப்பமே போய்ச் சேரவில்லை என்று பதில் வந்தால், அந்தக் கடிதத்தின் ஒரு பிரதியை நுகர்வோர் அதிகார சபைக்கான முறைப்பாட்டோடு இணைத்துவிடுங்கள். கேள்வியைத் தமிழிலேயே எழுதலாம்.