மோட்டார் சைக்கிளின் இலத்திரனியல் திறொட்டில்: பழுதறியும் முறை

மோட்டார் சைக்கிளின் வலக் கைப்பிடியைத் திருகினால் வேகம் கூடும் என்பதைச் சிறுவரும் அறிவர். பழைய வண்டிகளில் அத்திருகலை எஞ்சினுக்குக் கொண்டு சென்றது ஓர் உருக்குக் கம்பியே. அது இறுகினாலும் அறுந்தாலும் கை உடனே உணர்ந்துகொள்ளும். தெருவோரத்தில் வண்டியை நிறுத்தி, குறடு ஒன்றின் துணையுடன் சீர்செய்து வீடு சேர்ந்தவர் பழைய மாணவருள் பலர் இருப்பர். இன்றைய வண்டிகள் பலவற்றிலோ கம்பியின் இடத்தில் மின் சைகை அமைந்துள்ளது. அதிலே பழுது நேர்ந்தால் கைக்கு ஒன்றும் புலப்படாது. ஆதலின் அதனை ஆராயும் முறையை ஈண்டு விளக்க முற்படுகின்றோம்.

விற்பனைக்கு வந்த மோட்டார் சைக்கிள்களுள் இவ்வமைப்பை முதலில் பெற்றது 2006ஆம் ஆண்டின் யமஹா ஆர்6 ஆகும். அதிற் கைப்பிடிக்கும் உணரிக்கும் இடையே கம்பி இருந்தது. உணரிக்கு அப்பால் யாவும் மின்னே. 2017இல் வந்த கே.ரி.எம். 390 டியூக் போன்ற நடுத்தர வண்டிகளுக்கும் இது பரவியது.

இதன் தத்துவம் எளியது. பௌதிக ஆய்வுகூடத்தில் அழுத்தமானிக் கம்பியின்மீது தொடுமுனையை நகர்த்த வோல்ற்றளவு மாறுவதைக் கண்டிருக்கின்றோம். கைப்பிடி உணரியும் அவ்வாறே திருகலை வோல்ற்றளவாக்கிக் கணினிக்கு அறிவிக்கும். கணினி சிறு மோட்டார் ஒன்றை இயக்கி, காற்றுவழியிலுள்ள தகட்டைத் திறக்கும். தகட்டின் அச்சிலுள்ள மற்றோர் உணரி, எவ்வளவு திறந்தது என்பதைத் திருப்பிச் சொல்லும்.

பொதுவாக ஒவ்வோர் உணரியும் இரு சைகைகளைத் தரும். சாட்சியர் இருவரின் கூற்று ஒவ்வாதவிடத்து நீதிபதி ஐயுறுவதுபோலக் கணினியும் ஐயுறும். உடனே எச்சரிக்கை விளக்கை ஏற்றி, எஞ்சினின் வலுவைக் குறைத்துவிடும். ஆகவே வண்டி திடீரெனத் தளர்வதைக் கண்டு அதன்மீது சினத்தல் ஆகாது. தகடு தானே திறந்து வண்டி கட்டுக்கடங்காது பாய்வதைத் தடுக்கும் காவலே அது.

எம்முள் ஒருவருக்கு நேர்ந்ததைக் கூறுவோம். வளைவு ஒன்றிலே அவரது வண்டி தளர்ந்தது. பின்னால் வந்த லொறி மயிரிழையில் விலகிச் சென்றது. பழுதுபார்க்கும் நிலையம் ஒன்றில் திறொட்டில் தொகுதி முழுவதையும் மாற்றினர். பெரும் பணம் செலவாயிற்று. மறுமாதமே மற்றொரு வளைவில் அதே தளர்ச்சி! ஈற்றில் அகப்பட்டது, கைப்பிடித் தண்டின் கழுத்தருகே உராய்ந்து, உறைக்குள்ளே அறுந்திருந்த வயர் ஒன்று. தண்டைத் திருப்பும்போது மட்டும் அது விலகியது.

ஆதலால் மலிவானதிலிருந்து விலையுயர்ந்ததை நோக்கி ஆராய்தலே முறை. வண்டியைத் திறந்த வெளியில், நடுத்தாங்கியில் நிறுத்துக. பற்றறியைக் கழற்றுமுன் கணினி பதித்த பழுதுக் குறியீட்டை வாசித்துக் குறித்துக்கொள்க. கழற்றினால் சில வண்டிகளில் அது அழிந்துவிடும். குறியீடு சுட்டுவது ஐயம் எழுந்த இடத்தையே. கெட்ட உறுப்பை அன்று.

அடுத்துப் பற்றறியைச் சோதிக்க. நன்கு மின்னேற்றிய ஈய அமிலப் பற்றறி ஓய்வில் ஏறத்தாழ 12.6 வோல்ற்றும், எஞ்சின் ஓடும்போது ஏறத்தாழ 14 வோல்ற்றும் காட்டும். வோல்ற்றளவு தாழ்ந்தாற் கணினி பொய்க் குறியீடுகளைக் காட்டுதலும் உண்டு. பின்னர் இணைப்பிகளைக் கழற்றி, பச்சைக் களிம்பும் ஈரமும் உளவோ எனப் பார்க்க. தண்டை இருபுறமும் திருப்பி, வயர்களை மெல்ல அசைத்து, அளவீடு துள்ளுகின்றதோ என நோக்குக.

அதன்பின் உணரி. பெரும்பாலும் அதற்கு வரும் மின் 5 வோல்ற்று. கைப்பிடியை மெதுவாகத் திருக, பன்மானியில் வோல்ற்றளவு தடையின்றி மாறவேண்டும். இடையில் அறுந்தாலோ குதித்தாலோ உணரியில் அல்லது அதன் வயரில் குறை உண்டு. தொடுகை வகை உணரிகளில், அடிக்கடி பயன்படும் சிறு திறப்புப் பகுதியே முதலில் தேயும். காந்தப் புலத்தால் இயங்கும் வகையில் இத்தேய்வு இல்லை.

ஈற்றில், தகட்டின் விளிம்பிற் கரி படிந்துளதோ எனக் காண்க. படிந்திருப்பின், உரிய கரைப்பானும் மென்துணியும் கொண்டு துடைக்கலாம். விரலால் வலிந்து தகட்டைத் திறத்தல் தகாது. உள்ளிருக்கும் சிறு பற்சில்லுகள் உடையக்கூடும். துப்புரவு செய்தபின், கைந்நூலிற் கூறியவாறு தகட்டின் மூடிய நிலையைக் கணினிக்கு மீளக் கற்பித்தல் வேண்டும்.

இவையெல்லாம் குற்றமற்றன என்று கண்ட பின்னரே திறொட்டில் தொகுதியையும் கணினியையும் ஐயுறுக. வயர்களைக் குறுக்கே இணைத்து எச்சரிக்கையை ஏமாற்ற எக்காரணத்தாலும் முயலற்க. அது காவலனைக் கட்டிவைத்துவிட்டுக் கதவைத் திறந்து உறங்குதல் போலாம்.

நாடி பாராது மருந்து கொடுப்பவன் வைத்தியன் அல்லன். அளந்து பாராது உறுப்பை மாற்றுபவனும் அத்தகையனே. ஆய்வுகூடத்தில் வோல்ற்றுமானியைக் கையிலெடுக்கும் இளைய மாணவர்கள் அதனைப் பரீட்சைக்குரிய கருவியென்று மட்டும் எண்ணாதிருப்பாராக. வீதியில் ஓர் உயிரைக் காக்கவும் அது உதவும்.