கொரியரின் கலவைச் சோறும் மன்னார் அடுக்களையும்



சோறு உண்ணும் நாடுகள் பலவாயினும், அதனைக் கலத்தில் இடும் முறை நாட்டுக்கு நாடு வேறுபடுகின்றது. நாம் சோற்றைக் குவித்து அதனைச் சுற்றிக் கறிகளை வைக்கின்றோம். கொரிய நாட்டாரோ ஆழமான கிண்ணத்தின் அடியிற் சோற்றை இட்டு, அது முற்றும் மறையுமாறு காய்களையும் கீரைகளையும் நிறம் நிறமாக அடுக்கி, நடுவே முட்டையொன்றை வைத்து, உண்ணும் வேளையில் மிளகாய்க் களியுடன் ஒன்றாகக் கலந்து உண்கின்றனர். இதற்குப் 'பிபிம்பாப்' என்று பெயர். 'பிபிம்' என்பது கலத்தல். 'பாப்' என்பது சோறு. கலவைச் சோறு என்று நாம் கூறின் பொருள் பிழைபடாது.

மன்னாரில் இருந்துகொண்டு கொரியச் சோற்றைப் பற்றி ஏன் பேச வேண்டும் என்று கேட்பீர்கள். 2004ஆம் ஆண்டில் இலங்கை அரசும் கொரியக் குடியரசும் தொழில் உடன்படிக்கை செய்துகொண்டன. அன்று தொட்டு, கொரிய மொழிப் பரீட்சையில் தேறிய நம் நாட்டு இளைஞர் அங்குள்ள தொழிற்சாலைகளுக்கும் மீன்பிடித் தொழிலுக்கும் சென்று வருகின்றனர். பரீட்சைக்கென மொழியை இரவு பகலாகப் பயிலும் பிள்ளைகளுள் எத்தனை பேர் ஒரு பானைச் சோற்றைக் குழையாமல் வடிக்க வல்லவர்? பாடசாலை நடத்துகின்ற எனக்கு இது கவலை தருகின்ற வினா. மனைப்பொருளியல் பாடத்தை ஆண் பிள்ளைகளும் எடுக்கலாம், எடுப்பவர் அரியர். தாயின் கைச்சோற்றை விட்டு முதன்முறையாகக் கடல் கடக்கும் பிள்ளைக்கு, அந்நாட்டுக் கிண்ணத்தில் என்ன இருக்குமென்று வீட்டிலேயே தெரிந்திருத்தல் சிறிய உதவியன்று.

இன்னொரு செய்தியையும் இடையிற் சொல்லிவிடுகின்றேன். கொரியர் தாயை 'ஓம்மா' என்றும் தந்தையை 'அப்பா' என்றும் அழைப்பர். ஹோமர் ஹல்பர்ட் என்னும் அமெரிக்கர் 1905ஆம் ஆண்டிலேயே கொரிய மொழியையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு இலக்கண நூலொன்று வெளியிட்டார். இக்கால மொழியறிஞர் அவ்வுறவை ஏற்பதில்லை. ஆதலின் இரண்டும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்று மேடைகளிற் பேசுவோரை நம்பி, மொழிப் பரீட்சை எளிதென்று எவரும் இருந்துவிட வேண்டா.

உறவு வேறோரிடத்தில் உண்டு. கொரியரின் உணவைச் சிவக்கச் செய்யும் மிளகாய் அவர்களுடையதன்று; நம்முடையதுமன்று. அமெரிக்காவில் விளைந்த அச்செடி, 1560இல் மன்னாரைக் கைப்பற்றிய போர்த்துக்கேயர் போன்ற கடலோடிகளாற் கீழைநாடுகளுக்கு வந்தது. கொரியாவை அது 16ஆம் நூற்றாண்டின் இறுதியளவில் அடைந்தது என்பர். அதற்கு முன் மிளகைக் கொண்டு சமைத்த நாமும், மிளகாயை அறியாதிருந்த அவர்களும், இன்று மிளகாயின்றிச் சோறு இறங்காதவர்களாகிவிட்டோம்! இக்கலவைச் சோறு 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுதப்பட்ட கொரியச் சமையல் நூலொன்றில் இடம்பெற்றுள்ளது. இன்று ஜோன்ஜூ நகரம் அதற்குப் பேர்பெற்றது.

இனிச் செய்முறையைக் காண்போம். கொரிய அரிசி குட்டையானது. வெந்தால் ஒன்றோடொன்று ஒட்டும். நமது புழுங்கல் அரிசி உதிரியாக நிற்குமாதலின் இதற்குப் பொருந்தாது. கட்டுக்கரைக் குளத்து நீர் பாயும் வயல்களில் விளைந்த நெல்லாயினும் சரி, பச்சையரிசியாகக் குற்றியதைக் கொள்க. நால்வருக்கு இரண்டு சுண்டு போதும். அரைமணி நேரம் ஊறவிட்டு, கஞ்சி வடிக்காமல் நீர் வற்றும்படி சமைத்து, மூடியபடி பத்து நிமிடம் விட்டுவைக்க வேண்டும்.

கீரையே இவ்வுணவின் உயிர். நாம் கீரையைத் தேங்காய்ப் பாலிற் கடைந்து அதன் உருவையே அழித்துவிடுகின்றோம். கொரியர், கொதிக்கும் உப்பு நீரில் ஒரு நிமிடத்துக்குள் வாட்டி எடுத்து, உடனே குளிர்ந்த நீரில் இட்டு, கையாற் பிழிந்து, நசுக்கிய உள்ளி, உப்பு, எள்ளெண்ணெய் ஆகியவற்றோடு பிசறுகின்றனர். பசளியும் கங்குனும் இதற்கு மிகவும் ஏற்றவை. அவர்களது எண்ணெய் வறுத்த எள்ளிலிருந்து எடுக்கப்படுவதால் மணம் மிகும். நமது நல்லெண்ணெயில் அம்மணம் இல்லை. ஒரு கரண்டி எள்ளை வறுத்துப் பொடித்துச் சேர்த்தாற் குறை தீரும். முளைகட்டிய பயறை ஆவியில் அவித்து அவ்வாறே பிசறலாம். கரட்டைத் தீக்குச்சி போல் அரிந்து சிறிது எண்ணெயில் வதக்குக. கெக்கரிக்காயை மெல்லிதாக அரிந்து உப்பிட்டுப் பத்து நிமிடத்தின் பின் பிழிந்துகொள்க. எல்லாவற்றையும் ஒரே சட்டியிற் போட்டு வதக்கினால் வேலை குறையும். ஆனால் ஒவ்வொன்றும் தன் சுவையோடு நின்று, வாயிற் சேரும்போதுதான் ஒன்றாதல் வேண்டும் என்பதே இச்சமையலின் நுட்பம்.

அவர்கள் மாட்டிறைச்சி சேர்ப்பர். நமக்கு இறாலும் கணவாயும் இருக்கையில் வேறு தேடுவானேன்? ஓடு நீக்கிய இறாலைச் சோயா சோசு, உள்ளி, சிறிது பனங்கட்டி ஆகியவற்றிற் கால்மணி நேரம் ஊறவிட்டு, மிக்க சூட்டில் விரைந்து வதக்கி எடுக்கலாம். கொரியாவிற் பச்சை மீனைச் சோற்றின்மேல் இட்டு உண்ணும் வகையும் உண்டு. நமது வெயிலிற் கரைக்கு வந்து நெடுநேரம் கிடந்த மீனைக் கொண்டு அதனைச் செய்து பார்ப்பது ஆபத்து.

மிளகாய்க் களியை அவர்கள் 'கோச்சுஜாங்' என்பர். மிளகாய்த் தூள், ஒட்டும் அரிசி, புளித்த சோயாத் தூள், உப்பு ஆகியவற்றை மட்சாடிகளில் இட்டு மாதக்கணக்காக முதிர வைப்பர். இறக்குமதியான போத்தலின் விலை நம்மவர்க்கு எட்டாதது. பதிலாக, ஒரு மேசைக் கரண்டி அரிசிமாவை அரைக் கோப்பை நீரிற் கரைத்துக் களியாகக் காய்ச்சுக. ஆறியதும் விதை நீக்கி இடித்த செத்தல் மிளகாய்த் தூள் ஒரு மேசைக் கரண்டி, சோயா சோசு இரண்டு, பொடித்த பனங்கட்டி ஒன்று, நசுக்கிய உள்ளி இரண்டு பல், சிறிது வினாகிரி சேர்த்துக் கலக்குக. முதிர்ந்த களியின் ஆழ்ந்த சுவை இதற்கு வராது; எனினும் பனங்கட்டியின் வாசனை தனியழகு தரும். நமது மிளகாய் அவர்களுடையதைவிட உறைப்பாதலின் அளவைக் கூட்ட வேண்டா.

சூடான கற்கிண்ணத்திற் பரிமாறும் வகையும் உண்டு. அதன் அடியிற் சோறு பொன்னிறமாக முறுகும். அம்முறுகலை அவர்கள் விரும்பி உண்பர். நமது மண்சட்டியில் நல்லெண்ணெய் தடவி, சோற்றை இட்டு, மெல்லிய தணலில் ஐந்தாறு நிமிடம் வைத்தால் அதே முறுகல் கிடைக்கும். வெறுஞ்சட்டியைப் பெருந்தீயில் ஏற்றினால் வெடித்துவிடும். பின்னர் கறிகளை அடுக்கி, பொரித்த முட்டையை நடுவில் வைத்துப் பரிமாறலாம். சிறு பிள்ளைகளுக்கும் கருப்பிணிகளுக்கும் மஞ்சட்கரு இறுகும்வரை பொரித்துக் கொடுத்தல் நன்று. கொரியர் கரண்டியாற் கலப்பர். நாம் கையாற் பிசையலாம்.

சோற்றையும் கீரையையும் சமைத்த அன்றே உண்டு முடித்துவிடுக. மிளகாய்க் களி மட்டும் மிஞ்சினால், கண்ணாடிப் போத்தலில் இட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து ஒரு வாரத்துக்குள் பயன்படுத்தலாம். பொரித்த மீனுக்கும் அது நன்றாகப் பொருந்தும்.