தேனீ வரைஞ்சா ஃப்ரெண்டு!

பிப்ரவரி 14-னு சொன்னாலே உங்களுக்கு ரோஜா விலைதானே ஞாபகத்துக்கு வருது? அமெரிக்காவுல ஸ்கூல் வாண்டுகளுக்கு அது கிளாஸ்மேட்டுக்கு வாழ்த்து அட்டை கொடுக்கிற நாள் பாஸ்! காதலெல்லாம் கிடையாது, வெறும் ஃப்ரெண்ட்ஷிப்தான். கடையில வாங்காம கையாலேயே செய்யச் சொல்ற டீச்சர்கள், சைக்கிள் கேப்ல இங்கிலீஷ் பாடத்தையும் ஓட்டிடறாங்க.

எப்படின்னா, 'பி மைன்'னு எழுதணும். அந்த 'பி'க்குப் பதிலா ஒரு தேனீ படம்! இங்கிலீஷ்ல தேனீயும் 'பி'தானே? ஒரு ஆலிவ் காயை வரைஞ்சு, பக்கத்துல 'யூ'ன்னு எழுதி வேகமா படிச்சுப் பாருங்க... 'ஐ லவ் யூ' மாதிரி கேக்குதா? (நம்ம கேன்டீன்ல இதைச் சொன்னா டீ கிளாஸ் பறக்கும். ஏழு வயசுக்கு இதுதான் சூப்பர் ஜோக்!)

இன்னொண்ணு, பேரை வெச்சு விளையாடறது. பையன் பேர் சாம். 'எஸ்'ஸுக்கு ஸ்மைல், 'ஏ'வுக்கு ஆர்ட், 'எம்'முக்கு மியூசிக். ஈஸியா தெரியுதா? சிக்கலே இங்கேதான். பல ஸ்கூல்கள்ல, அட்டை கொண்டு வந்தா கிளாஸ்ல அத்தனை பேருக்கும் கொடுத்தாகணும்னு ரூல். 1975-ல வந்த ஒரு டி.வி. கார்ட்டூன்ல, அட்டைகளை அள்ளிட்டுப் போக சார்லி பிரவுன் பெட்டியோட வந்து உட்கார்ந்திருப்பான். கிளாஸ்ல ஒண்ணுகூட அவனுக்கு வராது. அந்தக் கொடுமை வேண்டாம்னுதான் இந்த ரூல்.

அப்போ, கடைசி பெஞ்சுல யார்கிட்டயும் பேசாத பொண்ணோட பேருக்கு என்ன வார்த்தை போடறது? இன்டர்வெல்ல போய், 'உனக்கு என்ன பிடிக்கும்?'னு கேட்டுட்டு வந்துதான் எழுதணும்!