சாவி வாங்குமுன் காற்றோட்டம் பாருங்கள்

சங்கரன்கோவிலில் அடுக்குமாடி வீடு என்று பேச்செடுத்தால் எத்தனை சதுர அடி, தவணை எவ்வளவு, தண்ணீர் எத்தனை நாளுக்கு ஒருமுறை என்றுதான் விசாரிக்கிறோம். குளியலறைப் புழுக்கம் எந்த வழியாக வெளியேறும், ஹீட்டர் போட்டால் வயர் தாங்குமா என்று கேட்பவர்கள் குறைவு. இதில் கட்டுபவர் மிச்சம் பிடிப்பதை, குடியிருப்பவர் கரண்ட் பில்லாகவும் ஆஸ்பத்திரிச் செலவாகவும் வருஷக்கணக்கில் கட்டுகிறார். நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்தின் வீடானாலும் தனியார் கட்டிய சின்ன ஃபிளாட்டானாலும் இதுதான் நிலைமை.

முதலில் ஜன்னல். மத்திய அரசின் எரிசக்தித் திறன் செயலகம் 2018-இல் வெளியிட்ட 'ஈகோ நிவாஸ் சம்ஹிதா' என்ற விதித்தொகுப்பு, வெப்பமும் ஈரப்பதமும் சேர்ந்த பகுதிகளில் வீட்டுத் தளப்பரப்பில் ஆறில் ஒரு பங்காவது திறக்கக்கூடிய இடமாக இருக்க வேண்டும் என்கிறது. பிரதமர் வீட்டுவசதித் திட்டத்தில் ஏழைகளுக்கான 30 சதுர மீட்டர் வீட்டுக்குக் கணக்குப் போட்டால் 5 சதுர மீட்டர். வெளியே திறக்கும் பால்கனிக் கதவையும் இதில் சேர்த்துக்கொள்ளலாம். நகர்த்தும் ஜன்னலில் பாதிதான் திறக்கும் என்பதால் பாதியைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். மாநில அரசு அறிவித்தால்தான் இந்தத் தொகுப்புக்குச் சட்டக் கட்டாயம் வரும். ஆனாலும் கையில் ஓர் அளவுகோல் இருந்தால் கேள்வி கேட்கலாம்.

நம் பக்கத்துக்கு ஒரு கொடுப்பினை உண்டு. ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் மேல்காற்று, காற்றாலைகளையே சுழற்றுகிறது. அந்தக் காற்று உள்ளே வர மேற்கில் ஒரு ஜன்னல் வேண்டும். சாயங்கால வெயிலைத் தடுக்க அதன்மேல் அகலமான சன்ஷேடும் வேண்டும். வந்த காற்று வெளியேற எதிர்ச்சுவரில் வழி இல்லையென்றால் ஜன்னல் இருந்தும் பயனில்லை.

காற்றில்லாத அடுக்குமாடி என்ன செய்யும் என்பதற்கு மும்பை கோவண்டிப் பகுதியின் மறுகுடியமர்வுக் கட்டடங்கள் சாட்சி. சுமார் 3 மீட்டர் இடைவெளியில் நெருக்கிக் கட்டிய அந்த வீடுகளில், வெளிச்சமும் காற்றும் எட்டாத கீழ்த்தளங்களில் காசநோய் அதிகம் இருப்பதை 2018-இல் வெளியான ஆய்வு காட்டியது. நேர்மாறாக, குஜராத்தின் ராஜ்கோட்டில் 1,176 ஏழைக் குடும்பங்களுக்குக் கட்டிய 'ஸ்மார்ட் கர் 3' குடியிருப்பில் சுவரையும் கூரையையும் வெப்பம் ஏறாதபடி அமைத்தார்கள். கட்டடத்தின் பொது டக்டின் உச்சியில் ஃபேன் வைத்து வீடுகளின் காற்றை மேலே இழுக்கவும் திட்டமிட்டார்கள். ஏ.சி.க்குப் பணமில்லாதவர்களுக்கு இதுதான் சரியான வழி என்று நினைக்கிறேன். நம் மாநிலத்திலேயே பெரும்பாக்கம் வாரியக் குடியிருப்பில் மொட்டைமாடிக்கு வெண்பூச்சு அடித்துச் சூட்டைக் குறைத்திருக்கிறார்கள். மேல்தளத்துக்காரர்கள் தைரியமாக இதைக் கேட்கலாம்.

குளியலறையில் எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடினால் மட்டும் போதாது. ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்தி அதன் அருகே பிடித்துப் பாருங்கள். புகை உள்ளே இழுபடாமல் சுற்றிச் சுற்றி வந்தால், டக்டின் மேல்வாய் அடைபட்டிருக்கும். அல்லது கதவை மூடியதும் உள்ளே காற்று வர இடுக்கே இருக்காது. கதவின் அடியில் விரல் நுழையும் இடைவெளி விடுங்கள். பக்கத்து வீட்டு மீன்குழம்பு மணம் உங்கள் குளியலறைக்குள் வந்தால் டக்ட் வேலை செய்யவில்லை என்று தெரிந்துகொள்ளுங்கள்.

வெந்நீர் நமக்கு மார்கழி, தை மாதங்களிலும், பிள்ளை பெற்றவர்களுக்கும் வயதானவர்களுக்கும்தான் தேவை. 15 லிட்டர் தண்ணீரை 20 டிகிரி சூடாக்க யூனிட்டில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமாகத்தான் மின்சாரம் ஆகும். எனவே செலவைவிட ஆபத்துதான் பெரிய விஷயம். 3 கிலோவாட் ஹீட்டர் 13 ஆம்பியர் இழுக்கும். சாதாரண 5 ஆம்பியர் பிளக்கில் சொருகினால் உருகிவிடும். பக்கெட்டில் ராடு போட்டுவிட்டுத் தண்ணீர் சூடா என்று விரலை விடுவதால் உயிர்கள் போயிருக்கின்றன. தனி வயர், எர்த், 2 கிலோவாட் சின்ன டேங்க் ஹீட்டர், மின்கசிவு 30 மில்லியாம்பியரை எட்டினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.டி. ஆகியவை இருக்கட்டும். வீடுகளுக்கு இந்த 30 மில்லியாம்பியர் வரம்பை மத்திய மின்சார ஆணையத்தின் 2023 பாதுகாப்பு விதிமுறைகளே சொல்கின்றன. கேஸ் கீசரைக் குளியலறைக்குள் மாட்டவே வேண்டாம். காற்று வராத அறையில் அது வெளியிடும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. மயங்கியவர் கதவைத் திறக்க முடியாமல் போய்விடுவார்.

மின்சாரத்தைத் தின்பது ஹீட்டரைவிட மின்விசிறிதான். 75 வாட் பழைய ஃபேன் ஒன்று இரவும் பகலும் ஓடினால் இரண்டு மாதத்தில் 108 யூனிட்; அரசு தரும் இலவச 100 யூனிட் அதிலேயே தீர்ந்துவிடும். 30 வாட் பி.எல்.டி.சி. ஃபேன் என்றால் 43 யூனிட்தான்.

குறை இருந்தால் எங்கே போவது? ரியல் எஸ்டேட் சட்டத்தின் 14(3) பிரிவின்படி, வீட்டை ஒப்படைத்த 5 ஆண்டுக்குள் தெரியவரும் கட்டுமான, வேலைத்தரக் குறைகளைக் கட்டியவர் 30 நாளில் இலவசமாகச் சரிசெய்ய வேண்டும். விற்பனைக்காகக் கட்டும் அரசு அமைப்புகளும் அந்தச் சட்டத்தின் 'கட்டுநர்' வரையறைக்குள் வருகின்றன. புகாரை எழுத்தில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். வாரிய வீடென்றால் தென்காசி ஆட்சியர் அலுவலகத்தின் திங்கட்கிழமை குறைதீர்க் கூட்டத்திலும் மனு கொடுக்கலாம். மின்னழுத்தம், மீட்டர் சிக்கலுக்கு மின்னகம் எண் 94987 94987. அதில் தீராவிட்டால் மின் நுகர்வோர் குறைதீர் மன்றம். பழுதான ஹீட்டரையோ ஃபேனையோ கடைக்காரர் மாற்றித்தர மறுத்தால் 1915-க்குப் பேசுங்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் அங்கே கட்டணம் கிடையாது. அதற்குப் பில்லும் வாரன்டி கார்டும் கையில் இருக்க வேண்டும்.