கல்லாவில் இருப்பது யார் பணம்?

தனியாள் தொழில், தனிக் கணக்கு – 6

தீபாவளிக்கு முந்தைய வாரம், ரவிக்கை தைக்கும் ஒரு அக்கா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். தையல் மிஷினைச் சுற்றி மஞ்சள் பைகள். ஒவ்வொன்றிலும் ஒரு துணி, ஓர் அளவு ரவிக்கை, குண்டூசியால் குத்திய துண்டுச் சீட்டு. கல்லா என்று பார்த்தால் ஒரு பிஸ்கட் டப்பா. கணக்கு முழுக்கத் தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கத்தில் இருந்தது.

“கை ஓயாம தைக்கிறேன் தம்பி. டப்பாவுல காசும் விழுது. மாசக் கடைசியில பால்காரருக்குக் குடுக்க இல்ல. எங்க போகுதுன்னே தெரியல” என்றார்.

சென்ற வாரம் ரசீது எழுதுவதைப் பார்த்தோம். இந்த வாரம் அந்த டப்பாவைத் திறந்து பார்ப்போம். அக்காவின் ஒரே ஒரு நாள் போதும்.

காலையில் டப்பாவில் 1,200 ரூபாய் இருந்தது. லைனிங் வைத்துத் தைத்த இரண்டு ரவிக்கைகளை ஒருவர் வாங்கிப்போனார். கூலி 700. முன்பே 200 அட்வான்ஸ் கொடுத்திருந்ததால் இப்போது 500 தந்தார். இன்னொருவர் ஒரு ரவிக்கைக்கு 350 ரூபாயை ஜிபேயில் போட்டார். கல்யாண வீட்டுக்காரர் ஐந்து ரவிக்கைக்குத் துணியும் 500 ரூபாய் அட்வான்ஸும் கொடுத்தார். அக்கா நூல், கொக்கி, லைனிங் துணிக்கு 420 செலவழித்தார். மாலையில் பாலுக்கும் காய்கறிக்கும் டப்பாவிலிருந்தே 300 எடுத்தார்.

இன்று எவ்வளவு சம்பாதித்தீர்கள் என்று கேட்டேன். 500, 350, 500 என்று விரல் மடக்கி, “ஆயிரத்து முந்நூத்தம்பது” என்றார். உண்மையில் அன்றைய கூலி 1,050தான். கல்யாண வீட்டு 500 இன்னும் அவர் பணம் ஆகவில்லை. அந்த ஐந்து ரவிக்கையும் தைத்து முடியும்வரை அது கடன். மறுநாளே கல்யாணத் தேதி தள்ளிப்போனால் திருப்பிக் கொடுக்க வேண்டிய பணம். சீசனில் டப்பா நிறைவதற்கும், மார்கழியில் கையைப் பிசைவதற்கும் பாதிக் காரணம் இந்த அட்வான்ஸ்தான். ஐப்பசியில் வாங்கிச் செலவழித்துவிட்டுக் கார்த்திகையில் சும்மா தைத்துக்கொண்டிருப்பார்கள்!

அடுத்தது அந்த 300. அக்கா அதைச் ‘செலவு’ என்றார். வீட்டுக்குச் செலவுதான், தொழிலுக்கு இல்லை. பிளஸ் டூ கணக்குப்பதிவியல் பாடத்தில் இதற்கு ‘எடுப்பு’ என்று பெயர். லைனிங் துணியையும் கத்தரிக்காயையும் ஒரே வரிசையில் எழுதினால், தொழில் நஷ்டத்தில் ஓடுகிறதா, வீடு கூடுதலாகச் சாப்பிடுகிறதா என்று எந்தக் காலத்திலும் தெரியாது. வீட்டுக்கு எடுக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. பின்னே எதற்காகத் தைக்கிறார்? எடுத்ததை எடுத்ததாக எழுதினால் போதும்.

ஒரு நீள நோட்டு வாங்கி ஆறு கட்டம் போட்டோம். தேதி, விவரம், ரொக்க வரவு, ஜிபே வரவு, தொழில் செலவு, வீட்டுக்கு எடுத்தது. அட்வான்ஸ் வந்தால் விவரத்தில் ‘அ’ என்று வட்டமிட வேண்டும். பை கைமாறும் நாளில் அந்த வட்டத்தை அடிக்க வேண்டும். நோட்டின் கடைசிப் பக்கங்கள் பாக்கிக்கு. ராத்திரி மிஷினுக்கு உறை போட்டதும் பத்து நிமிட வேலை. காலை இருப்போடு ரொக்க வரவைக் கூட்டி, போனதைக் கழித்தால் டப்பாவில் இருக்க வேண்டிய தொகை. அன்றைக்கு 1,480 இருக்க வேண்டும். எண்ணினால் 1,430. ஐம்பது ரூபாயைக் காணோம்.

இந்த இடத்தில்தான் பலரும் நோட்டை மூடிவிடுகிறார்கள். அல்லது டீ, பஸ் என்று எதையாவது கற்பனையாக எழுதிச் சரிக்கட்டுகிறார்கள். இரண்டும் வேண்டாம். ‘விடுபட்டது 50’ என்று எழுதிவிட்டுத் தூங்கலாம்.

இதில் புதுமை ஒன்றுமில்லை. நம் ஊர் மளிகைக் கடைகளில் முதலில் அன்றாடச் சிட்டை, பிறகு அதைக் கணக்குவாரியாகப் பிரித்தெழுதும் பேரேடு. நகரத்தார் கடைகளில் இவற்றுக்கு மேலே, மொத்தக் கணக்கின் சுருக்கமாக ஐந்தொகை. பர்மாவிலிருந்தும் மலாயாவிலிருந்தும் செட்டிநாட்டு முதலாளியின் கைக்கு அந்தக் காலத்தில் வந்து சேர்ந்த தாள் அது. 1494-இல் வெனிஸில் அச்சான தன் கணித நூலில் லூக்கா பச்சோலி என்ற துறவி, ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலையும் பற்று, வரவு என்று இரண்டு இடத்தில் பதியும் அந்த ஊர் வணிகர்களின் கணக்கு முறையை எழுதிவைத்தார். இரட்டைப் பதிவை அவரே கண்டுபிடித்ததாகச் சொல்வார்கள். அது சரியல்ல, வழக்கத்தில் இருந்ததைத்தான் பதிந்தார். அவரும் முதலில் ஒரு சிட்டை வைக்கச் சொல்கிறார். அன்றாடம் நடப்பதை நடந்தபடியே, வீட்டில் எழுதத் தெரிந்த யார் வேண்டுமானாலும் அதில் எழுதலாம். அக்காவுக்கு இரட்டைப் பதிவு தேவையில்லை. சிட்டை போதும்.

வருஷத்துக்கு ஒருமுறை மட்டும் கொஞ்சம் பெரிய கணக்கு. ஏப்ரல் 1 அன்று ரொக்கம், வங்கி இருப்பு, கையிலுள்ள துணி, மிஷினின் மதிப்பு, வர வேண்டிய பாக்கி எல்லாவற்றையும் கூட்டி, வாங்கிய அட்வான்ஸையும் மற்ற கடனையும் கழித்துக்கொள்ளுங்கள். 25,000 வந்தது என்று வைப்போம். அடுத்த மார்ச் 31-இல் அதே கணக்கில் 32,000. மிஷினைத் தேய்மானம் போகக் குறைத்துத்தான் மதிப்பிட வேண்டும்; 12,000 ரூபாய் மிஷின் எட்டு வருஷம் உழைக்குமென்றால் வருஷத்துக்கு 1,500 குறையும். இருப்பு கூடியது 7,000. வீட்டுக்கு எடுத்தது மாதம் 9,000 வீதம் 1,08,000. வெளியிலிருந்து புதுப் பணம் எதுவும் போடாததால் வருஷ லாபம் 1,15,000. ‘வீட்டுக்கு எடுத்தது’ என்ற கட்டம் இல்லையென்றால் வெறும் ஏழாயிரம் என்று நினைத்து மிஷினை விற்றிருப்பார்.

வரியைப் பற்றி இப்போதைக்கு இரண்டு வரி. சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்சம் தாண்டாதவரை பொதுவாக ஜிஎஸ்டி பதிவு கட்டாயமில்லை. வருமான வரியில் சிறு தொழிலுக்கு உள்ள உத்தேச முறையில் ரொக்க வரவில் 8 சதவீதம், வங்கி வழி வந்ததில் 6 சதவீதம் என்று குறைந்தபட்ச லாபத்தைக் கணக்கிடுவார்கள். ரொக்கத்துக்கும் ஜிபேக்கும் தனித்தனிக் கட்டம் போட்டதற்கு இதுவும் ஒரு காரணம்.

பதினைந்து நாள் கழித்துப் போனேன். அக்கா நோட்டைத் தானாகவே எடுத்துக் காட்டினார். ‘விடுபட்டது’ ஆறு இடத்தில் இருந்தது. 50, 30, 50, 20, 50, 40. ஆறும் வீட்டில் ஒருவருக்குக் கல்லூரி இருந்த நாட்கள். ஆறாவது கட்டத்துக்குப் பக்கத்தில், ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, ஏழாவதாக ஒன்று முளைத்திருந்தது. தலைப்பு: ‘பையன்’.

(தொடரும்)