முற்பிறவிப் பெற்றோருக்கு ஒரு குகைக்கோயில்

"கயாவுக்குப் போக வேண்டிய வயதில் கொரியாவுக்கா?" என்று என் துணைவியார் கேட்டபோது என்னிடம் விடை இல்லை. எழுபது வயதைக் கடந்துவிட்டேன். பெற்றோருக்குக் கயாவில் பிண்டம் இட வேண்டிய கடன், இருபது ஆண்டுகளாகத் தள்ளிப்போய்க்கொண்டே இருக்கிறது. ஓர் ஆண்டு முழங்கால் வலி, மற்றோர் ஆண்டு பேரன் பிறப்பு, பிறகு பெருந்தொற்று. இந்நிலையில், கொரியாவின் உல்சான் நகரில் பணிபுரியும் மருமகனும் மகளும் எங்களுக்கு விமானச் சீட்டே எடுத்து அனுப்பிவிட்டார்கள். மறுக்க மனம் வரவில்லை, மகிழவும் முடியவில்லை. மகாளய அமாவாசைக்கு முன் ஊர் திரும்பிவிட வேண்டும் என்ற உறுதியை மகளிடம் வாங்கிக்கொண்டுதான் புறப்பட்டோம்.

இவ்விதழின் அன்பர்களில் பலருக்கும் கடல் கடந்து வாழும் பிள்ளைகள் இருப்பார்கள். அழைப்பு வரும்போது, "அங்கே நமக்கு என்ன இருக்கிறது? கோயிலா, குளமா?" என்ற தயக்கம் எழுவது இயல்பே. அத்தயக்கத்தோடு சென்றவன் என்ற முறையில், கண்டதை எழுதுகிறேன்.

உல்சானிலிருந்து சிறிது தொலைவில் கியோங்ஜு என்னும் தொன்னகரம் உள்ளது. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் சில்லா மன்னர்களின் தலைநகராக விளங்கிய ஊர் அது. ஊரின் நடுவிலேயே பசும்புல் போர்த்திய குன்றுகள் போல அரசர்களின் சமாதிகள் எழுந்து நிற்கின்றன. அவ்வூரின் கிழக்கே தோஹாம் மலை. மலையடிவாரத்தில் புல்குக்சா என்ற பெருங்கோயில். மலைமேல் சொக்குராம் என்ற குகைக்கோயில். இரண்டையும் எழுப்பத் தொடங்கியவர் கிம் தேசொங் என்னும் அமைச்சர், ஆண்டு 751. 13-ஆம் நூற்றாண்டில் இரியோன் என்ற துறவி தொகுத்த 'சாம்குக் யூசா' என்னும் நூல் அவருடைய வரலாற்றைக் கூறுகிறது.

ஓர் ஏழைத் தாய்க்கு ஒரே மகன். செல்வர் வீட்டில் கூலி வேலை செய்து பெற்ற சிறு நிலமே அவர்களது உடைமை. ஒருநாள் ஒரு துறவி, "ஒன்று கொடுத்தால் பதினாயிரமாய்த் திரும்பும்" என்ற பொருளில் தானத்தின் பெருமையைச் சொல்லக் கேட்ட சிறுவன், "அம்மா, முற்பிறவியில் நாம் எதுவும் கொடுக்கவில்லை போலும், அதனால்தான் இப்பிறவியில் வறுமை. இப்போதும் கொடாவிட்டால் அடுத்த பிறவியில் என்ன ஆவோம்?" என்று கூறி, அந்த நிலத்தைத் தானம் செய்ய வைத்தான். சில நாட்களில் அவன் இறந்துபோனான். அதே இரவில் தலைநகரத்து அமைச்சர் ஒருவரின் வீட்டில், "மோர்யாங் சிற்றூரின் தேசொங் உன் இல்லத்தில் பிறக்கப் போகிறான்" என்று அசரீரி ஒலித்தது. பிறந்த குழந்தை இடக்கையை மூடியே வைத்திருந்தது. ஏழாம் நாள் விரல்கள் விரிந்தன. உள்ளே 'தேசொங்' என்று பொறித்த பொற்றகடு! அமைச்சர், பழைய பிறவியின் தாயையும் அழைத்து வந்து அதே வீட்டில் வைத்துக் காத்தார். அக்குழந்தை வளர்ந்து பெரியவனானபின், இப்பிறவிப் பெற்றோரின் பொருட்டுப் புல்குக்சாவையும், முற்பிறவிப் பெற்றோரின் பொருட்டுச் சொக்குராமையும் கட்டினான்.

வழிகாட்டி ஆங்கிலத்தில் கூறியதை மகள் தமிழில் சொல்லச் சொல்ல, என் துணைவியார் என்னைத் திரும்பிப் பார்த்தார். கயாவில் நாம் செய்ய வேண்டியதும் இதுதானே! கண்ணால் கண்டறியாத தலைமுறைகளுக்கும் எள்ளும் நீரும் அளிக்கிறோம். முற்பிறவித் தாய்க்குக் கல்லில் கோயில் எடுத்த ஒருவரைப் பற்றி நான் அதுவரை கேள்விப்பட்டதே இல்லை.

வண்டி நிறுத்துமிடத்திலிருந்து சொக்குராம் வரை மரநிழலில் பத்துப் பதினைந்து நிமிட நடை. பாதை பெரும்பாலும் சமதளம். குகை என்றாலும் அது குடைந்தெடுத்த குகையன்று. கருங்கற்களை அடுக்கிக் கவிகை போல மூடி, மேலே மண்ணிட்டு அமைத்தது. உள்ளே ஏறத்தாழ 11 அடி உயரப் புத்தர், பூமிஸ்பரிச முத்திரையுடன், கீழ்க்கடல் நோக்கி அமர்ந்திருக்கிறார். கவிகையின் உச்சிக்கல் மூன்றாகப் பிளந்திருக்கிறது. அதை ஏற்றும்போது அது உடைந்துவிட, தேசொங் மனமுடைந்து உறங்கிப்போனதாகவும், தேவர்கள் இரவோடு இரவாக வந்து அதைப் பொருத்திச் சென்றதாகவும் நூல் கூறுகிறது. பிளந்த கல் இன்றும் தன் இடத்தில் இருக்கிறது. 774-இல் தேசொங் மறைந்தபின், எஞ்சிய பணியை அரசே முடித்தது.

சுவரைச் சுற்றிப் புடைப்புச் சிற்பங்கள். உருண்டை வடிவக் கருவறையின் நுழைவை ஒட்டி இருபுறமும் நிற்பவர்கள் பிரம்மாவும் இந்திரனும்! கருவறையைக் கண்ணாடியிட்டு மூடியிருப்பதால் வெளியே நிற்பவருக்கு அவை சரியாகத் தெரிவதில்லை; செல்பவர்கள் முன்னரே படங்களில் கண்டுகொண்டு செல்வது நல்லது. எங்களுக்கு இது பின்னரே தெரிந்தது.

அதைவிடப் பெரிய வியப்பு, அங்குள்ள கோயில்களின் பக்கச் சுவர்களில் காத்திருந்தது. காவல் தேவதைகளைக் கூட்டமாக வரைந்த பெரிய ஓவியம் ஒன்று அநேகமாக எல்லாக் கோயில்களிலும் உண்டு. அதில் இறகுகள் செருகிய தலைக்கவசத்துடன் ஓர் இளவீரர் நிற்பார். வித்தேசொன் என்பது அவர் பெயர். தொங்ஜின் என்றும் அழைப்பர், தூய இளங்குமரன் என்று பொருள். 'ஸ்கந்த' என்ற வடசொல் சீன எழுத்தில் படியெடுக்கப்பட்டபோது திரிந்ததே இப்பெயர் என்பது அறிஞர் கூற்று. வேலும் மயிலும் இல்லை. ஆயினும் கந்தப்பெருமான் மரபின் ஒரு கிளை அங்கே தர்மத்திற்குக் காவல் நிற்கிறது. இவை பௌத்தக் கோயில்கள். நம் தெய்வங்கள் அங்கே மூலவர்கள் அல்லர், பரிவார தேவதைகளே. அதை மறந்து உரிமை கொண்டாடுவது முறையன்று. ஆனாலும் முன்பின் தெரியாத ஊரில் உறவினர் ஒருவரைக் கண்டாற்போல் இருந்தது.

உணவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கொரிய உணவகங்களில் நமக்குத் திண்டாட்டம்தான். காய்கறிபோல் தோன்றும் கிம்ச்சி ஊறுகாயில்கூடப் பெரும்பாலும் மீன் அல்லது இறால் ஊறல் கலந்திருக்கும். ஆனால் கோயில் மடைப்பள்ளியில் நிலைமை தலைகீழ். புலால் இல்லை, பூண்டும் வெங்காய இனங்களும் இல்லை. விலக்கப்பட்ட ஐந்து பொருள்களில் ஐந்தாவது பெருங்காயம்! அந்நாட்டில் விளையாத பெருங்காயத்தையும் நூலில் உள்ளபடியே விலக்கி வைத்திருக்கிறார்கள். வெங்காயம் தவிர்க்கும் நாளில் பெருங்காயத்தைத் தாராளமாக இடும் நாம், இதைக் கேட்டுச் சிரித்துக்கொண்டோம். மலைக்கீரைகள், தாமரைக்கிழங்கு, காளான், சோயா விழுதுக் குழம்பு, சோறு. துறவிகள் முறைப்படி உண்ணும்போது நான்கு கிண்ணங்கள்; உண்டு முடித்ததும் நீர் ஊற்றி, ஒரு துண்டு முள்ளங்கியால் கிண்ணத்தைத் துடைத்து, அந்த நீரையும் பருகிவிடுவார்கள். ஒரு பருக்கை வீணாகாது.

கோயிலில் இரவு தங்கும் வாய்ப்பு 2002-ஆம் ஆண்டு உலகக் கோப்பைக் கால்பந்தாட்டத்தின்போது வெளிநாட்டினருக்காகத் தொடங்கப்பட்டது. இன்று பல கோயில்களில் உண்டு. நாங்கள் தொங்தோசாவில் ஓர் இரவு தங்கினோம். பிரம்ம முகூர்த்தத்தில் எழுப்பிவிட்டார்கள். இருளில் நான்கு வாத்தியங்கள் ஒன்றன்பின் ஒன்றாக முழங்கின. நிலத்தில் வாழும் உயிர்களுக்காகப் பேரிகை. நீரில் வாழ்வனவற்றுக்காக மரத்தால் செய்த மீன். பறவைகளுக்காக மேக வடிவ உலோகத்தகடு. நரகத்தில் வருந்தும் உயிர்களுக்காக மாமணி. அந்த மணியோசை நெஞ்சுக்கூட்டுக்குள் நெடுநேரம் அதிர்ந்துகொண்டிருந்தது. இறந்தோருக்காகவும் ஒரு மணி அடிக்கிறார்களே என்று நினைத்தபோது, மனத்தின் மனத்தாங்கல் சற்றுக் கரைந்தது. பின்னர் 108 நமஸ்காரங்கள். முழங்கால் இடம் தராததால் நான் பதினெட்டோடு அமர்ந்துவிட்டேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. துணைவியார் ஐம்பத்துநான்கு செய்தார். அதை இன்றுவரை நினைவூட்டி வருகிறார்.

தொங்தோசாவின் மூலமண்டபத்தில் புத்தர் சிலையே இல்லை. 646-இல் அக்கோயிலை நிறுவிய சாஜாங் என்ற துறவி சீனத்திலிருந்து கொண்டுவந்த புத்தரின் திருவுடல் எச்சம், பின்னால் உள்ள கல்மேடையில் வைக்கப்பட்டிருக்கிறது. மண்டபத்தின் சாளரம் வழியே அதை நோக்கித்தான் வணங்குகிறார்கள். திரை விலகச் சிதம்பரத்தில் கண்ட வெளி நினைவுக்கு வந்தது.

நாங்கள் சென்ற காலம் அவர்களின் சூசொக் பண்டிகை. சந்திரக் கணக்கில் எட்டாம் மாதத்துப் பௌர்ணமி அது. பல ஆண்டுகளில் நம் மகாளய பட்சம் தொடங்குவதற்கு முன்னுள்ள பௌர்ணமியோடு ஒன்றாக வருகிறது. அந்நாளில் குடும்பத்தார் சொந்த ஊர் திரும்புகிறார்கள். முன்னோர் சமாதியில் வளர்ந்த புல்லைச் செதுக்கி, புதுநெல் அரிசிச் சோறும் பழங்களும் படைத்து வணங்குகிறார்கள். எள்ளுப் பூரணம் வைத்துப் பைன் மர இலைகளின்மேல் ஆவியில் வேகவைக்கும் சொங்ப்யொன், நம் கொழுக்கட்டையே. மகளின் அண்டை வீட்டார் ஒரு தட்டு நிறையக் கொண்டுவந்து தந்தார்கள். தலைநகர் சியோலில் உள்ள ஜொங்ம்யோவில் அரச முன்னோர்களுக்கு ஆண்டுதோறும் மே மாதம் முதல் ஞாயிறன்று இசையோடும் ஆடலோடும் வழிபாடு நடக்கிறது. ஆனால் இல்லங்களில் நடக்கும் முன்னோர் வழிபாடு இளைய தலைமுறையில் குறைந்து வருகிறது என்று அண்டை வீட்டுப் பெரியவர் வருந்தினார். இக்கவலையும் நமக்குப் புதிதன்று.

சூசொக் நாட்களில் கடைகள் பல அடைத்திருக்கும்; சாலைகளில் நெரிசல் மிகுதி. வசதியாகப் பார்க்க விரும்புவோர் அக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் தொடக்கம் வரை செல்லலாம். மேப்பிள் இலைகள் சிவக்கும் காலம், குளிர் தாங்கக்கூடியது. விசாவை முன்னதாகவே பெற்றுவிட வேண்டும். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை மலைக்கோயில்களை நம்மவர்கள் தவிர்ப்பதே நலம்.

ஊர் திரும்புவதற்கு இரு நாட்கள் முன்பு மருமகன் எங்களை ஹேயின்சாவுக்கு அழைத்துச் சென்றார். வழியில்தான் அந்த மலையின் பெயரைச் சொன்னார்: கயா மலை. துணைவியார் வண்டியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். புத்தகயையின் நினைவாக வந்த பெயர் என்பர் சிலர். பண்டைய கயா அரசின் பெயர் என்பாரும் உண்டு. தொங்தோசா அமைந்த மலையின் பெயரும் கிருத்ரகூடம் என்பதன் மொழிபெயர்ப்பே. காசிக்குப் போக இயலாதவர்களுக்காகத் தென்காசி எழுந்தது போலத்தான் இதுவும். எல்லோருமா போக முடியாமல் இருந்தார்கள்? 8-ஆம் நூற்றாண்டில் ஹ்யேச்சோ என்ற சில்லா நாட்டு இளந்துறவி கடல்வழியே பாரதம் வந்து, தலங்களைத் தரிசித்து, பயணநூல் எழுதினார். அதன் ஒரு பகுதி 1908-இல் சீனத்துத் துன்ஹுவாங் குகையில் கிடைத்தது.

802-இல் எழுந்த ஹேயின்சாவின் செல்வம் 81,258 மரப்பலகைகள். திரிபிடகம் முழுவதும் அவற்றின் இருபுறமும் செதுக்கப்பட்டிருக்கிறது. எழுத்துகள் 5 கோடிக்கு மேல். முதலில் செதுக்கிய தொகுதியை 1232-இல் மங்கோலியர் எரித்தார்கள். போர் முடியாத நிலையிலேயே 1236-இல் மறுபடி தொடங்கி, 1251-இல் முடித்தார்கள். பலகைகள் உள்ள மண்டபத்தில் இயந்திரம் எதுவும் இல்லை. முன்சுவரிலும் பின்சுவரிலும் மேலும் கீழுமாக வெவ்வேறு அளவில் அமைந்த சாளரங்களும், கரியும் உப்பும் சுண்ணாம்பும் இட்டுக் கெட்டித்த தரையுமே ஈரத்தைக் காக்கின்றன. தேவார ஏடுகளைச் செல்லுக்குப் பறிகொடுத்த நாம், அந்தச் சாளரங்களின் முன் சிறிது நேரம் நிற்கத்தான் வேண்டும்.

1951-இல், கொரியப் போரின்போது, மலையில் பதுங்கியிருந்த படையினரை அழிக்க அவ்விடத்தில் குண்டு வீசும்படி ஆணை பிறந்தது. விமானக் குழுவுக்குத் தலைமை தாங்கிய கிம் யொங் ஹ்வான் என்ற அதிகாரி, கோயிலின்மேல் குண்டு வீச மறுத்து, தம் குழுவினரையும் தடுத்துவிட்டார். போர்க்காலத்தில் ஆணையை மீறுவதன் விளைவு அவர் அறியாததன்று. அவருடைய நினைவுக்கல் அங்கே இருக்கிறது. மாலை சாத்தும் வழக்கம் அங்கில்லாததால் கைகூப்பி வணங்கினோம்.

படிகளில் இளைப்பாறியபோது, சாம்பல் நிற உடை அணிந்த மூதாட்டி ஒருவர் எங்கள் அருகே அமர்ந்தார். எந்த நாடு என்று கேட்டார். இந்தியா என்றதும் கைகூப்பினார். தாம் இருமுறை புத்தகயைக்குச் சென்றதைக் கூறி, "இங்கே பெயர்தான் கயா, உண்மையான கயா உங்களிடம் இருக்கிறது. கடைசியாக எப்போது போனீர்கள்?" என்று வினவினார். மகள் விடை சொல்லத் தயங்கினாள்.

"உள்ளதைச் சொல்லம்மா. இன்னும் போகவில்லை என்று சொல்" என்றார் துணைவியார்.

மூதாட்டி சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு தம் மணிக்கட்டிலிருந்த சிறு மரமணி மாலையைக் கழற்றித் துணைவியாரின் கையில் வைத்து, அங்கே போகும்போது இதையும் எடுத்துச் செல்லுங்கள் என்றார். அம்மாலை இப்போது எங்கள் பூஜையறையில் இருக்கிறது. மாசி மாதம் கயா செல்லச் சீட்டு எடுத்திருக்கிறோம்.